விட்டிலின் நிழல்

மேனேஜர் கேக்கை வெட்டி முதல் துண்டைத் தூசி அக்காவிடம் நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, சுவரில் இருந்த பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சுத்தம் செய்துகொண்டிருந்த பழைய பேய்ப் படத்திலிருந்து விளம்பரத்துக்காக வெட்டி இணையத்தில் விட்டிருந்த ஒரு துண்டு, அதில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். பெரிய வீடு, நீளமான மேசை, மேசைமேல் ஒரு விளக்கு, விளக்குக்கு முன்னால் கணவனுக்காகக் காத்திருக்கும் ஓர் இளம்பெண். அவள் மெல்லத் தலை தூக்குகிறாள். அவள் கண்கள் இடமிருந்து வலமாக எதையோ பின்தொடர்ந்து போகின்றன. அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்து அவள் லேசாகச் சிரிக்கிறாள். அவ்வளவுதான். இந்த ஒரு சிரிப்பைப் பார்த்துத்தான் இரண்டு நாளாக ஜனங்கள் தூக்கம் போச்சு, தண்ணீர் குடிக்க எழுந்துபோகக்கூடப் பயமாக இருக்கிறது என்று எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்கு வருவதற்கு முன்பே டிஸ்க்குகள் முன்பதிவில் பறந்துகொண்டிருந்தன. கேக் அதற்காகத்தான்.

"அக்கா, வாங்கிக்கங்க. இது உங்க கைவண்ணம்," என்றான் மேனேஜர். அவனுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். சந்தோஷம் வந்தால் மறைக்கத் தெரியாதவன். காது வரை சிவந்திருந்தான்.

தூசி அக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். பழைய படச்சுருள்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியபின், அதில் இருக்கும் தூசி, கீறல், பூஞ்சைப் புள்ளி எல்லாவற்றையும் ஒவ்வொரு படமாகத் துடைத்து எடுப்பது அவள் வேலை. ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம். எட்டு மாதமாக இந்தப் பேய் வீட்டில்தான் குடித்தனம். அந்த நடிகையின் புருவத்தில் எத்தனை முடி என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவாள், ஆனால் படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் விழிப்பாள். ஓடவிட்டுப் பார்த்தால்தானே? இன்றைக்குத்தான், கையில் வேலை எதுவும் இல்லாமல், நாலு பேரோடு நின்று, சினிமா பார்க்க வந்தவளைப் போல அதைப் பார்த்தாள். பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அந்தப் பெண் சிரிக்கிற நேரத்தில், அவள் கன்னத்தின்மேல் மங்கலாக ஒரு நிழல் நகர்ந்தது. விரல்நுனி அளவுதான் இருக்கும். கன்னத்தில் ஏறி, மூக்கைத் தாண்டி, மறுபக்கம் இறங்கிப் போனது.

மற்றவர்களும் அதைப் பார்த்திருந்தார்கள். பேயின் நிழல் என்று அதற்கு அம்புக்குறி போட்டே யாரோ படம் வெளியிட்டிருந்தார்கள். தூசி அக்கா வேறு கணக்குப் போட்டாள். நிழல் இருந்தால் நிழலுக்கு உரிய ஒன்று இருந்தாக வேண்டும். பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை அவள்.

கேக்கை வாங்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் சாம்பல் நிறம். ஸ்கேன் செய்தபடியே கைபடாமல் வைத்திருந்த முதல் பிரதியைத் திறந்து அந்த இடத்துக்குப் போனாள். அழுக்கும் கீறலுமாகப் படம் ஓடியது. விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு விட்டில் பூச்சி கிளம்பி, அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் தள்ளாடிப் பறந்து, வலப்பக்கம் இருட்டுக்குள் போனது. அவள் அதைத்தான் பார்த்தாள். அதைப் பார்த்துத்தான் சிரித்தாள். நடிப்பே இல்லை. எங்கிருந்தோ வந்த பூச்சி, எதிர்பார்க்காமல் வந்த சிரிப்பு. நன்றாக இருந்ததால் டைரக்டர் அப்படியே விட்டிருக்க வேண்டும்.

என்ன நடந்தது என்று புரிய அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துடைக்கிற மென்பொருளுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்றுதான். ஒரு படத்தில் ஓர் இடத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளி, முந்தின படத்திலும் அடுத்த படத்திலும் அதே இடத்தில் இல்லை என்றால் அது தூசி. மழைத்துளியும் அதற்குத் தூசி, அடுப்பில் தெறிக்கும் பொறியும் தூசி. அதனால்தான் இயந்திரம் துடைத்தபின் மனுஷி ஒருத்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்க்க வேண்டும். மழைக் காட்சியில் மழையை மீட்டவள் அவள்தான். ஆனால் விட்டிலை மீட்கவில்லை. மீட்காதது மட்டும் இல்லை. பூச்சி பறக்கும்போதுதான் மென்பொருளால் அதைப் பிடிக்க முடிந்தது. விளக்குக் கண்ணாடியில் அது சற்று உட்கார்ந்த இடத்தில் விட்டுவிட்டது. அந்த இடத்தில் இவள் தன் கையாலேயே, பூஞ்சைப் புள்ளி என்று நினைத்து, மெனக்கெட்டு, ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி வைத்துத் துடைத்திருந்தாள். எவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தாள் என்று இப்போது பார்த்தபோது, வெட்கத்துக்கு நடுவிலும் தன் வேலையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மங்கலாக இருந்ததால் நிழலை மட்டும் இயந்திரமும் விட்டது, இவளும் விட்டாள்.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் வாயில் கேக்கோடு வந்தான். முதல் பிரதியை ஒரு தரம் பார்த்தான். இன்னொரு தரம் பார்த்தான். பிறகு வந்ததே ஒரு சிரிப்பு, புரையேறித் தலையில் தட்டிக்கொண்டான்.

"பூச்சியா? இத்தனை பேரு பயந்தது ஒரு பூச்சிக்கா?"

"பூச்சி இல்லாததுக்கு," என்றாள் அவள். "தம்பி, தப்பு என்னோடது. நான் மறைக்கல. பூச்சிய திரும்பப் போட அரை நாள் கூட ஆகாது. போட்டுடறேன்."

"அக்கா, கும்பிட்டுக் கேக்கறேன், வாயத் திறக்காதீங்க. டிஸ்க் அட்டையில போட்டிருக்கறதே அந்தச் சிரிப்புதான். பூச்சிய உள்ள விட்டா அவ யாரு? பூச்சியப் பாத்துச் சிரிக்கிற பொண்ணு. அதுக்கு யாரு காசு குடுப்பாங்க? பழைய வீடியோ டேப்புல இருட்டுல ஒண்ணுமே தெரியாது. தியேட்டர்ல பாத்தவங்களுக்கும் ஞாபகம் இருக்காது. யாருக்கும் நஷ்டமில்ல."

யாருக்கும் நஷ்டமில்லை என்ற பேச்சை மனதில் புரட்டிக்கொண்டே அவள் வீட்டுக்குப் பேருந்து ஏறினாள். வீடு என்றால் இரண்டு அறை. கணவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள் வேறு நாட்டில் இருக்கிறாள். பூட்டைத் திறந்தால் காலையில் வைத்துவிட்டுப் போன தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும், அதை நகர்த்த ஆள் கிடையாது. அதற்கு அவள் பழகிவிட்டிருந்தாள். பழகாதது வேறு ஒன்று. போன மாதம் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பூனை பால்கனிக் கம்பியில் நடந்து வந்து, கால் வழுக்கி, ஒன்றுமே நடக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. இவள் பார்த்துச் சிரித்துவிட்டாள். போனில் பூனை தெரியவில்லை. "அம்மா, யாரப் பாத்துச் சிரிக்கிறீங்க?" என்று மகள் கேட்டாள். பூனை என்று சொல்லி போனைத் திருப்புவதற்குள் பூனை போய்விட்டது. அதிலிருந்து மகள் கூப்பிடும்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறீர்களா, யாருடைய குரலாவது கேட்கிறதா, ஒரு டாக்டரைப் பார்த்தால் என்ன என்று சுற்றி வளைத்துப் பேசுகிறாள். அந்தக் குரலில் இருப்பது பாசம்தான். ஆனால் அதில் கொஞ்சம் பயமும் இருந்தது, பெற்ற தாயைப் பார்த்து. அது இவளுக்கு வலித்தது. ஒருத்தி பார்ப்பதை மட்டும் துடைத்து எடுத்துவிட்டால் போதும், அவளைப் பேயாக்க வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மறுநாள், அந்தப் படத்தில் நடித்த நடிகையம்மாவின் பேட்டி சுத்தம் செய்ய வந்தது. டிஸ்க்கில் படத்தோடு சேர்ப்பதற்காக, பூச்சி விஷயம் தெரிவதற்கு முன்பே மேனேஜரும் கேமராக்காரரும் அவர் வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தது. எண்பது வயதைத் தாண்டியவர். எலும்பும் தோலுமாக, சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் பட்டுப் பட்டென்று பதில் சொன்னார். கடைசியில் மேனேஜர் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டி, "அம்மா, ஊரே கேக்குது. அன்னைக்கு நீங்க யாரைப் பாத்தீங்க?" என்று கேட்டான். அவர் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. "எனக்கே பயமா இருக்கே," என்றார். "நான் யாரைப் பாத்தேன்?"

கேமராவுக்குப் பின்னால் எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதோடு பேட்டி முடிந்ததாக வைத்து வெட்டச் சொல்லியிருந்தான் மேனேஜர். ஆனால் கேமரா அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகளைக் கழற்றுகிறார்கள், ஒயரைச் சுருட்டுகிறார்கள், அவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். "இன்னொரு தடவை போடுங்க தம்பி." போட்டார்கள். "இன்னொரு தடவை." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தொலைத்த சாவியைத் தேடுகிற முகத்தோடு, தன்னுடைய பழைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தூசி அக்கா அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள். அவளுக்கு அழுகை வந்தது. நஷ்டம் யாருக்கு என்று இப்போது தெரிந்தது.

நேராக மேனேஜரிடம் போய் நின்றாள். இந்த முறை கும்பிட்டுக் கேட்டது அவள். அவன் கெட்டவன் இல்லை. நிறுத்தாமல் ஓடிய அந்தப் பகுதியை அவனும் பார்த்தான், பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்து திறந்து மூடினான்.

"சரி. ஒண்ணு செய்யலாம்," என்றான். "வெள்ளிக்கிழமை டிஸ்க் அடிக்க அனுப்பணும். அதுக்குள்ள நீங்க அந்தம்மாகிட்ட போங்க. பூச்சியக் காட்டுங்க. ஆமா, இதுதான், இது வேணும்னு அவங்க வாயால சொல்லட்டும். சொன்னா போட்டுடலாம், அட்டைய மாத்தறத நான் பாத்துக்கறேன். அவங்க வேணாம்னா விட்டுடணும். அப்புறம் பூச்சிங்கற பேச்சே இருக்கக் கூடாது. சரியா?"

சரி என்றாள். வேண்டாம் என்று அவர் ஏன் சொல்லப்போகிறார்?

வியாழக்கிழமை மத்தியானம் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். மூன்றாம் மாடி. லிஃப்ட் இருந்தது, வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறி மணியை அழுத்தினால், கதவுக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தமும் ஊன்றுகோல் சத்தமும் கேட்டு வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. காலையில் ஒரு பெண் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாளாம், அதன்பின் மறுநாள் காலை வரை யாரும் இல்லையாம். மேசையில் ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. சுவரில் அவருடைய சினிமாப் படம் ஒன்றுகூட இல்லை. ஜன்னலோரம் மருந்து டப்பா, பூதக்கண்ணாடி, ரேடியோ. தூசி அக்கா தன் வீட்டுக்கு இன்னும் முப்பது வயது ஏறினால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் சட்டென்று திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"நீதான் என் முகத்தத் துடைச்சவளா?" என்றார் நடிகையம்மா, கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து. "நல்லாத் துடைச்சிருக்கே. இப்ப வந்து துடையேன், இந்தச் சுருக்கமெல்லாம் போகுதான்னு பாப்போம்."

இவள் சிரித்தாள். பையைத் திறக்கப் போனாள்.

"இரு, அவசரமென்ன. உனக்கு ஒண்ணு சொல்லணும். அந்தத் தம்பிக்கு போன் பண்ணலாம்னு இருந்தேன், நம்பர் எங்க வெச்சேன்னு தெரியல. யாரப் பாத்துச் சிரிச்சேன்னு கேட்டீங்கல்ல? ரெண்டு ராத்திரி தூங்கல நான். அப்புறம் ஞாபகம் வந்துடுச்சு."

தூசி அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. "வந்துடுச்சா? சொல்லுங்கம்மா."

"என் தங்கச்சி."

இவள் பைக்குள் விட்ட கையை எடுக்கவில்லை.

"அன்னைக்கு ஷூட்டிங் பாக்க வந்திருந்தா. சின்னப் பொண்ணு அப்ப, பதினஞ்சு பதினாறு. சத்தம் போடக்கூடாதுன்னு எல்லாரும் மிரட்டி வெச்சிருந்தாங்க. டேக் போய்ட்டிருக்கு, இவ கேமராவுக்குப் பின்னாடி, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் நுனிக்காலால நடந்து போறா. போறப்ப என்னப் பாத்து ஒரு கோணவாய் காட்டுனா பாரு." அவர் தன் வாயைக் கோணிக் காட்டினார். எண்பது வயது முகத்தில் ஒரு நொடி பதினைந்து வயதுக் குறும்பு வந்து போனது. "எனக்கு அடக்க முடியல. சிரிச்சுட்டேன். டைரக்டர் திட்டுவாருன்னு பாத்தா, நல்லாருக்குன்னுட்டாரு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ பாய் உதறுகிற சத்தம் கேட்டது. நடிகையம்மா சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"பின்னாடி எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு போச்சு. எதுக்குன்னு கேக்காதே, கேவலம். இருபது வருஷம் அவ வாசப்படிய நான் மிதிக்கல, என் வாசப்படிய அவ மிதிக்கல. செத்ததுக்குத்தான் போனேன். அவள நெனச்சா எனக்கு அந்தக் கடைசி சண்டைதான் வரும், அவ கதவ அறைஞ்சு சாத்துன சத்தம்தான் வரும். இத்தனை வருஷமா வேற ஒண்ணுமே வரலம்மா. இப்ப நீங்க வந்து இதக் காட்டுனீங்க. இப்ப அவள நெனச்சா கோணவாய்தான் வருது. நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன்."

தங்கை ஏதோ ஒரு நாள் வந்திருக்கலாம். கோணவாய் காட்டியும் இருக்கலாம். ஆனால் அந்த டேக்கில் இடமிருந்து வலமாகப் போனது தங்கை இல்லை. அது பைக்குள், இவள் கைக்குக் கீழே, அழுக்கும் கீறலுமாகப் பத்திரமாக இருந்தது. அந்தம்மாவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தது. மடிக்கணினியில் இரண்டு பிரதியும் இருந்தன. துடைத்ததைப் போட்டுக் காட்டி, நல்லா இருக்கு அம்மா என்று சொல்லி எழுந்து போய்விடலாம். போனால் நாளைக்கு டிஸ்க் அடிப்பார்கள். அந்தப் பெண் எந்தக் காலத்துக்கும் வெறும் காற்றைப் பார்த்துச் சிரிப்பாள், பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். பூச்சியைக் காட்டினால் இந்த வீட்டுக்குள் ஒரு கதவு மறுபடி அறைந்து சாத்தப்படும்.

"போடு, பாப்போம். அதுக்குத்தானே எடுத்துட்டு வந்தே? அவள இன்னொரு தடவை பாக்கணும்," என்றார் நடிகையம்மா. படத்தில் அவர் பார்க்கப்போவது தன் முகத்தை. ஆனால் அவள் என்றுதான் சொன்னார்.

மடிக்கணினியை அவர் மடியில் வைத்துத் திறந்தாள். எட்டு மாதம் ஒரே வேலையைச் செய்த கை, எதை அழுத்தினோம் என்று நிச்சயமாக நினைத்துப் பார்ப்பதற்குள் அழுத்திவிட்டது. கீறல்கள் மேலிருந்து கீழாக மழைபோல் ஓடத் தொடங்கியபோதுதான் முதல் பிரதியைப் போட்டிருக்கிறோம் என்று தெரிந்தது. நிறுத்தவில்லை. நிறுத்த மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. மேசை வந்தது, விளக்கு வந்தது. அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். விட்டில் விளக்கை விட்டுக் கிளம்பியது.

நடிகையம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். தூசி அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, இன்னும் தூசி இருக்கே? அன்னைக்குக் காட்டுனதுல இல்லையே."

"அது வந்து, அம்மா..."

"அவ போற இடத்துலயே வந்து மறைக்குது பாரு. இத நல்லாத் துடைச்சுடு."

தூசி அக்கா துடைக்கக் காத்திருக்கும் பொறுமை நடிகையம்மாவுக்கு இல்லை. சால்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, திரைமேல் வைத்து அவரே துடைத்தார். பூச்சி துணிக்கு அடியில் போய் அந்தப் பக்கமாக வெளியே வந்தது. "போக மாட்டேங்குதே," என்று அதன் பின்னாலேயே மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டு போனார். அந்தக் கை இடமிருந்து வலமாக நகர்ந்தது. திரைக்குள் இருந்த பெண்ணின் கண்கள், லேசாகச் சிரித்தபடி, அந்தக் கையின் கூடவே வந்தன.